கிணற்றுச் சேற்றில் வந்த பீங்கான் பாட்டில்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கிறேன். பழைய பீங்கான் பாட்டில் சேர்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

காவேரிப்பட்டணம்: அண்ணா, கிணறு தூர் வாரும்போது பழுப்புப் பாட்டில் ஒன்று வந்தது. வாயில் சின்ன மூக்கு இருக்கிறது. பீர் பாட்டில்தானே?

அந்த மூக்கைத்தான் கவனிக்க வேண்டும், தம்பி. பீர் பாட்டிலுக்குக் கார்க் அடைக்கத் தடித்த வட்ட வாய் போதும். மைக்கூட்டில் சிந்தாமல் ஊற்றுவதற்குத்தான் மூக்கு. அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். 'போர்ன்', 'டென்பி' என்ற ஆங்கில முத்திரை தெரிந்தால் அது இங்கிலாந்தின் டென்பி ஆலையில் செய்தது. 'ஆர்னால்ட், லண்டன்' என்றும் இருந்தால் அது மை கம்பெனி. என் கைக்கு வந்ததில் பாதிக்கு மேல் மை பாட்டில்கள்தான். எனக்கு மிகவும் பிடித்ததும் அவைதான்.

ஓசூர்: மேலே தேன் நிறம், கீழே வெளிர் நிறம். எந்தக் காலத்தது?

இப்படிப்பட்ட பாட்டிலில் இருக்கும் வழவழப்பான பூச்சு 1835 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வந்தது. பழைய முறையில் எரியும் சூளைக்குள் உப்பை வீசுவார்கள். பாட்டில் மேல் கமலாப்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். இரண்டு நிறம் என்றால் பெரும்பாலும் ஜிஞ்சர் பீர் என்ற இஞ்சிப் பானத்தின் பாட்டில். கழுத்துக்குள் மரை இருந்தால் 1870களுக்குப் பிறகு. சோடா மூடி பிடிக்கும் விளிம்பு இருந்தால் 1892க்கு அப்புறம்தான்.

பாலக்கோடு: வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. ஆசிட் ஊற்றலாமா அண்ணா?

வேண்டாம் அம்மா. நான் ஒருமுறை ப்ளீச்சிங் தண்ணீரில் போட்டேன். பளிச்சென்றுதான் வந்தது. இரண்டு மாதத்தில் விரிசல் வழியே உப்புப் பூத்து, மேல்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. இன்றும் அதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். வாரக்கணக்கில் ஆகும். போகாத கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

அரூர்: நல்லெண்ணெய் ஊற்றி வைக்கலாமா?

கூடாது. உள்ளே மை இருந்ததா, மருந்து இருந்ததா, யாருக்குத் தெரியும்?

ராயக்கோட்டை: கோட்டைப் பக்கம் உடைந்த பீங்கான் ஓடுகள் கிடக்கின்றன, தோண்டிப் பார்க்கலாமா?

தொடவே தொடாதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். காயலான் கடையில் தேடுங்கள், பழைய வீடு இடிக்கும் இடத்தில் கேட்டு வாங்குங்கள். நூறு வருடம் தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 சட்டப்படி தடை உண்டு. அப்புறம், எந்த ஊர், எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம் என்று ஒரு சீட்டில் எழுதிப் பாட்டிலோடு வையுங்கள். காவேரிப்பட்டணம் தம்பி, நீங்கள் இன்றைக்கே எழுதிவிடுங்கள். தூர் வாரிய ஆட்களுக்கு ஆழம் இன்னும் நினைவில் இருக்கும்.