என் க்ளௌன் மீன் ராத்திரியில் சாய்ந்து மிதக்கிறது, உடம்பில் சின்னக் காயமும் இருக்கிறது. செத்துவிடுமா?

காலையில் விளக்கு போட்டதும் நிமிர்ந்து நீந்தி, தீனிக்கு ஓடி வருகிறதா? வருகிறது என்றால் அது சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. தூங்கி எழுந்திருக்கிறது. காயத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: ராத்திரி அது எங்கே படுக்கிறது என்று பார்த்தீர்களா? என் அனுபவத்தில் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். நாலு வருஷமாக ஹாலில் 80 லிட்டர் கடல் தண்ணீர் டேங்க், அதில் ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் க்ளௌன். வாங்கி வந்த முதல் வாரமே நடு ராத்திரியில் ஆயா என்னை எழுப்பி, "டேய், பெரிய மீனு செத்து மெதக்குதுடா" என்றார். போய்ப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல்கடை கீழே, வால் தொங்க, ஒருக்களித்தபடி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு நிறம்கூட வெளுத்திருந்தது. பதறிப்போய் டியூப்லைட்டைப் போட்டேன். அவ்வளவுதான், விலுக்கென்று பாய்ந்து பாறையில் போய் மோதியது. விடிந்ததும் பார்த்தால் மேல் உதட்டில் வெள்ளையாக ஒரு சிராய்ப்பு. என் வீட்டு மீனுக்கு முதல் காயத்தை உண்டாக்கியவன் நானேதான்.

மீனுக்கு இமை கிடையாது. கண் திறந்தே இருப்பதால் தூங்குகிறதா, உடம்புக்கு முடியாமல் கிடக்கிறதா என்று நமக்குப் பிடிபடுவதில்லை. கடலில் இந்த மீன் அனிமோன் என்கிற கடல் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே புதைந்து தூங்கும். மற்ற மீனைச் சுடுகிற அந்த விரல்கள் இதன் உடம்பிலுள்ள வழுவழுப்பால் இதை ஒன்றும் செய்வதில்லை. டேங்கில் ஏது சாமந்தி? போதாததற்கு, கடைக்கு வரும் க்ளௌன்களில் நிறைய பண்ணையில் பொரித்தவை. நம்ம பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலேயே இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். அப்படித் தொட்டியில் பிறந்த மீன் ஆயுசுக்கும் ஒரு சாமந்தியைப் பார்த்திருக்காது. ஆனாலும் ராத்திரியானால் எதையாவது ஒட்டிப் படுக்கணும் என்கிற குணம் மட்டும் போகாது. ஃபில்டர் குழாய், பவர்ஹெட் (தண்ணீரை இழுத்துத் தள்ளிச் சுழற்றுகிற சின்ன மோட்டார்), கண்ணாடி மூலை, எது வாய்த்ததோ அதுதான் பாய்.

என்னிடம் இருக்கும் சின்னதற்கு வாய்த்தது ஹீட்டர்.

இரண்டு மாதம் கழித்து அதன் இடது விலாவில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைத் தடம் வந்தது. செதில் இல்லை, ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. நாலைந்து நாளில் ஆறியது. அப்புறம் அதே இடத்தில் இன்னொன்று. பெரியதுதான் கடிக்கிறது என்று நினைத்து அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றி ராத்திரி ரெண்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சின்னது ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள சந்தில் செருகிக்கொண்டு, இடது பக்கத்தை ஹீட்டர்மேல் சாய்த்துத் தூங்குகிறது. படுக்கப் போகும்போது ஹீட்டர் ஓடாது, சில்லென்று இருக்கும். கோடையில் நாங்கள் ஹாலில் ஏசி போட்டுப் படுப்போம். தண்ணீர் 26 டிகிரிக்குக் கீழே போனதும் விடியற்காலையில் ஹீட்டர் தானாக ஓட ஆரம்பித்துவிடும். தூக்கத்தில் சூடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், புதுச்சேரியில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மரைன் டேங்குக்குத் தண்ணீரைக் குளிர்விப்பதுதான் பாடு. கடைக்காரர் "செட்டோட வருதுண்ணே" என்று ஹீட்டரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார், நானும் மாட்டிவிட்டேன். மறுநாளே ஹீட்டரைக் கழற்றினேன், ஏசியையும் 27-இல் வைத்தேன். ஹீட்டர் கட்டாயம் தேவைப்படுகிறவர்கள் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் உறை ஒன்று மாட்டிவிடுங்கள். பவர்ஹெட் பக்கத்தில் தூங்குகிற மீனுக்கும் இதே கதைதான். அசந்த நேரத்தில் இழுக்கிற பக்கம் துடுப்பை வாங்கிவிடும். அந்த வாயில் ஸ்பாஞ்ச் மாட்டினால் போதும்.

காயத்துக்கு மருந்து என்ன போட்டேன் என்றால், ஒன்றும் போடவில்லை. வாரம் ஒருமுறை மாற்றுகிற தண்ணீரை இரண்டு வாரத்துக்கு மூன்று நாளுக்கொருமுறை பத்து சதவீதம் என்று மாற்றினேன். உப்பு அடர்த்தி 1.025-இல் நிற்கிறதா, அம்மோனியா பூஜ்யமா என்று பார்த்துக்கொண்டேன். செதில் போன இடமும் கிழிந்த துடுப்பும் சுத்தமான தண்ணீரில் சில வாரத்தில் தானாகக் கூடிவிடும். உதட்டுச் சிராய்ப்பும் அப்படித்தான் போனது. கோல்ட் ஃபிஷ் வளர்த்த பழக்கத்தில் சிலர் கல் உப்பு போடச் சொல்வார்கள். ஏற்கெனவே உப்புத் தண்ணீரில் இருக்கிற மீனுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? ஆயா மஞ்சள் தூளோடு வந்தார், கையைப் பிடித்துத் தடுத்தேன். செம்பு கலந்த மருந்தை மெயின் டேங்கில் விடவே கூடாது. பவளம், நத்தை, இறால் எல்லாம் போய்விடும். "கடல் பக்கத்துலதானே இருக்கு, ரெண்டு குடம் மொண்டு ஊத்துங்க" என்பார்கள், அதையும் கேட்காதீர்கள். கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடை கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது உப்பும் இறங்கிவிடும். ஆர்ஓ தண்ணீரில் மரைன் சால்ட் (கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கிற உப்பு) கலப்பதுதான் நிம்மதி.

துடுப்பு நுனி மட்டும் கிழிந்திருந்தால் அது குடும்பச் சண்டை. க்ளௌனில் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும், வீட்டில் அதிகாரம் அதனுடையது. சின்னது அதன் முன்னால் போய் ஒருக்களித்து, உடம்பை வெடவெடவென்று ஆட்டும். வலிப்பு என்று பயந்துவிடாதீர்கள், அது "நீங்க சொன்னா சரிங்க" என்று பணிகிற ஜாடை. அப்படியும் சில நாள் ஒரு கடி விழும். துரத்தல் ஓயவே இல்லை, சின்னது தின்னவும் வரமுடியவில்லை என்றால் மட்டும் நடுவில் தடுப்பு போடுங்கள்.

சரி, எப்போது பயப்பட வேண்டும்? மேல்மட்டத்தில் தூங்குகிற மீன் வாயை அசைப்பதே தெரியாது, செவுள் நிதானமாக ஆடும். மூச்சுக்குத் திணறுகிற மீனோ தண்ணீர் மேல் வாயை வைத்துக் கபக் கபக்கென்று விழுங்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இந்த இரண்டாவதைப் பார்த்தேன். கரண்ட் போய் மோட்டார் நின்றதும், இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்தன. பேட்டரி ஏர்பம்ப் கையில் இருந்ததால் பிழைத்தன. அது ஒன்று வாங்கி வையுங்கள், நம் ஊரில் புயலுக்குப் பஞ்சமில்லை.

பகலிலும் மூலையில் கிடப்பது, தீனியைத் திரும்பிப் பார்க்காதது, செவுள் படபடவென்று அடிப்பது, உடம்பில் உப்புத் தூவினாற்போலப் புள்ளி அல்லது பொன் தூசு படிந்த மாதிரி மினுமினுப்பு, தோல் உரிவது போலக் கெட்டியான வெள்ளைச் சளி, இவற்றில் எது இருந்தாலும் அது வெறும் காயமில்லை, ஒட்டுண்ணியாக இருக்கலாம். கடைசியாகச் சொன்ன வெள்ளைச் சளி, புரூக்லினெல்லா என்கிற ஒட்டுண்ணியின் அடையாளம். க்ளௌனை அதிகம் பிடிப்பது அதுதான், ஓரிரு நாளில் கொன்றுவிடும். உடனே தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு, விவரம் தெரிந்த ஆளிடம் அன்றைக்கே காட்டுங்கள்.

இப்போது ஹீட்டர் பரணில் இருக்கிறது. அது இருந்த மூலையில் சாயம் பூசாத ஒரு சின்ன மண் பூந்தொட்டியைப் படுக்கவாட்டில் வைத்தேன். ஒன்பது நாள் சீந்தவே இல்லை. பத்தாம் நாள் ராத்திரி சின்னது உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. பெரியது மட்டும் இன்னமும் அதே மேல்மட்டத்தில்தான் வாலைத் தொங்கப்போட்டுத் தூங்குகிறது. ஆயாவும் ராத்திரி எழுந்தால் டேங்க் பக்கம் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகிறார். லைட் மட்டும் போடுவதில்லை.