எச்பிவி இருந்தால் மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கும் பரிசோதிக்க வேண்டுமா?

எச்பிவி (உடலுறவு வழியாகப் பரவும், நீடித்தால் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, மற்ற பால்வினைத் தொற்றுகளையும் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், மருத்துவரிடம் சொல்லிப் பார்த்துவிடுங்கள். ஆனால் பதறாதீர்கள். பெரும்பாலான எச்பிவி தொற்றுகளை உடலே ஓரிரு ஆண்டுகளில் விரட்டிவிடும்.

அது போகாமல் தங்கிவிட்டால்தான் சிக்கல். கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்றும் கூட இருந்தால் கருப்பைவாயில் அழற்சி நீடிக்கலாம். எச்பிவி நிலைத்துவிட அது துணைபோவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. பெண்களுக்குக் கிளமிடியா பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. கருப்பைவாய்ச் செல்களைப் பார்க்கும் பாப் ஸ்மியர் அதைக் கண்டுபிடிப்பதற்கான சோதனையும் அல்ல. தனியாகக் கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும். கிளமிடியா, ட்ரைக்கோமோனாஸ் என்ற இன்னொரு பால்வினைத் தொற்று இரண்டுமே மாத்திரையில் குணமாகும். துணைவரும் சேர்ந்து சிகிச்சை எடுக்காவிட்டால் மறுபடி தொற்றிக்கொள்ளும்.

எச்ஐவி சோதனையை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. எச்ஐவியுடன் வாழும் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 6 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவர்களுக்கு 30 வயதில் தொடங்கும் கருப்பைவாய்ப் பரிசோதனையை இவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

அப்புறம், இந்தப் பரிசோதனை முடிவை வைத்து வீட்டில் யாரையும் சந்தேகப்படாதீர்கள். எச்பிவி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு தெரியவரலாம்.