பாசனத் தண்ணீரை விவசாயிகள் தங்களுக்குள் விற்று வாங்கினால் சரியாகப் பங்கிட முடியுமா?

முடியும், ஆனால் மொத்த அளவுக்கு ஒரு வரம்பு இருந்தால்தான். ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் படுகையில் 1994-ல் தொடங்கிய சீர்திருத்தம் தண்ணீர் உரிமையை நில உரிமையிலிருந்து பிரித்தது, 1995-ல் ஆற்றிலிருந்து எடுக்கும் அளவுக்கு உச்சவரம்பு வந்தது. வரம்பில்லாமல் சந்தையைத் திறந்தால் ஆறு வற்றும்வரை விற்பார்கள்.

அங்கே உரிமை என்பது ஒரு பங்கு மாதிரி. அணையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, பங்குக்கு இத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு ஆண்டும் ஒதுக்குவார்கள். அந்த ஆண்டின் ஒதுக்கீட்டை மட்டும் விற்கலாம், உரிமையையே நிரந்தரமாகவும் விற்கலாம். நெல் போடுகிறவர் வறட்சியில் ஒரு போகத்தை விட்டுவிட்டு, தண்ணீர் விற்ற காசில் வருடத்தை ஓட்டிவிடலாம். பாதாம் தோட்டக்காரருக்கு அந்த வழி கிடையாது, ஒரு கோடை தண்ணீர் காட்டாவிட்டால் வருடக்கணக்கில் வளர்த்த மரமே பட்டுப்போகும், அதனால் என்ன விலை சொன்னாலும் வாங்கத்தான் பார்ப்பார். 2000-களின் நீண்ட வறட்சியில் நெல் சாகுபடி ஏறக்குறைய நின்றே போனது, தோட்டங்கள் பலவும் தப்பித்தன.

சரி, சிக்கல் எங்கே? பார்மா என்ற இடத்தில் மர்ரே ஆறு குறுகிவிடுகிறது, அதனால் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு நினைத்த அளவு விற்க முடியாது. அப்புறம், ஒரே வாய்க்காலில் பாதிப்பேர் உரிமையை விற்றுவிட்டால் பராமரிப்புச் செலவு மிச்சமிருப்பவர் தலையில் விழக்கூடும். எனக்குப் பெரிய கவலை வேறு: தண்ணீரை விற்றவருக்குக் காசு வருகிறது, அவர் வயலில் கூலிக்கு உழைத்தவருக்கு ஒன்றும் வருவதில்லை.