மகள் கேட்பது கடல் வேலையா, கம்ப்யூட்டர் வேலையா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் திடீரென்று, சாட்டிலைட் படத்தை வைத்துப் பவளப்பாறைகளைக் கண்காணிக்கிற படிப்புதான் வேண்டும் என்கிறாள். வேளச்சேரி வீட்டில் இரண்டு வாரமாக யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடலில் குதிக்கிற வேலையா, கம்ப்யூட்டர் வேலையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான், ஆனால் பெரும்பாலான நாட்கள் கம்ப்யூட்டர் முன்னால்தான்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட் எடுக்கும் படங்களை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம்மூர்க் கணக்கில் அரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் உயிருள்ள பவளம், செத்த பவளம், மணல், பாசி எல்லாம் கலந்து கிடக்கும். வெப்பத்தில் வெளிறிய பவளமும் வெறும் மணலும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் பளிச்சிடும். எது எது என்று சொல்ல யாராவது நீரில் இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும். மன்னார் வளைகுடா மாதிரி கலங்கலான கடலில் தொல்லை இன்னும் அதிகம். ஆனால் அந்தக் கலங்கலே சில நேரம் சாட்சியாகும்: துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டும்போது கிளம்பும் சேறு பாறைப் பக்கம் போகிறதா என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சரி, படிப்புக்கு வருவோம். பவளப்பாறை என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடாதீர்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது வரைபடத்தையும் சாட்டிலைட் படத்தையும் கம்ப்யூட்டரில் அலசுகிற படிப்பு, இருக்கிறது. கட்-ஆஃப் எட்டவில்லையா? இயற்பியலிலோ புவியியலிலோ பி.எஸ்சி. முடித்து, மேற்படிப்பில் தொலையுணர்வு (சாட்டிலைட் மாதிரி தூரத்திலிருந்து பார்த்து அளக்கும் ரிமோட் சென்சிங்) எடுக்கலாம். கடல் உயிரியல் வழியாகவும் வரலாம்; என்றாலும் கணக்கை முதலில் பிடித்துக்கொள்வதுதான் நல்லது என்பேன்.

வேலை? பள்ளிக்கரணையில், உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கடல் வெப்பத்தை வைத்துப் பவள வெளிறல் எச்சரிக்கை தருகிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் ஹைதராபாத்தில். இந்த மாதிரி இடங்களில் ஆரம்பம் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிதான். உங்கள் கணவரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: இதே திறமை வெள்ள வரைபடத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் உதவும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் தீவே கரைந்து சுருங்கியது. அமெரிக்காவின் லேண்ட்சாட் சாட்டிலைட் எண்பதுகளில் எடுத்த படம் ஒன்று, இன்றைய சென்டினல் படம் ஒன்று இறக்கி, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) வரைபட மென்பொருளில் இரண்டிலும் கரையோரத்தை வரைந்து பரப்பை அளக்கட்டும். பாதியில் எழுந்து போனாலும் திட்டாதீர்கள். "படம் எடுத்தப்போ கடல் ஏற்றமா, வற்றமா?" என்று அவளாகவே கேட்டால் மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்கள்; கடல் ஏறியிருந்தால் தீவு சிறிதாகத்தானே தெரியும். அப்புறம் கல்லூரியைப் பற்றிப் பேசுவோம்.