22 டாலருக்கு ஐஸ் கட்டியா?

கேள்வி: ஜெர்சி சிட்டியில் இருக்கிறேன், ஐடி வேலை. மே மாதம் பிறந்தால் போதும், ஆபீஸ் நண்பர்கள் வாராவாரம் மன்ஹாட்டன் ரூஃப்டாப் பார்களுக்கு இழுக்கிறார்கள். ஒரு காக்டெய்ல் 22 டாலர், அதில் முக்கால்வாசி ஐஸ். கூட வரும் நண்பர் ஒருவர் 'இதெல்லாம் ஜூஸ்தானே' என்று மூன்று நாலு குடித்துவிட்டுக் காரையும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இந்த மொட்டை மாடி மோகமே வெறும் பந்தாதானே?
(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர்)

பதில்: பந்தா இல்லை என்று யார் சொன்னார்கள்? வாசலில் உங்கள் செருப்பையும் அரைக்கால் டிரவுசரையும் மேலும் கீழும் பார்க்கிற ஆள், லிஃப்டுக்கு வரிசை, மேஜை வேண்டுமென்றால் குறைந்தது இவ்வளவுக்குக் குடித்தாக வேண்டும் என்ற நிபந்தனை, அப்புறம் இத்தனையும் தாண்டி மேலே வந்தவர்கள் எல்லோரும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பது, எல்லாம் பந்தாதான். ஆனால் மொட்டை மாடியில் உட்கார்ந்து குடிப்பதையே அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நியூயார்க்கில் அது தொடங்கியது வெக்கை தாங்காமல்.

ஏசி இல்லாத காலத்தில் ஜூன், ஜூலை வந்தால் அங்கே நாடகக் கொட்டகைகளை மூடிவிடுவார்கள், உள்ளே உட்கார்ந்தால் அவிந்துபோக வேண்டியதுதான். 1880களின் தொடக்கத்தில் ருடால்ஃப் ஆரன்சன் என்ற இசைக்காரர், பிராட்வேயும் 39ஆம் தெருவும் சந்திக்கிற இடத்தில் இருந்த தன் கேசினோ தியேட்டரின் கூரையில் தோட்டம் போட்டு, பாட்டு, சாப்பாடு, குடி என்று கோடை வியாபாரத்தையே மேலே ஏற்றினார். ஊருக்குப் பிடித்துப்போனது. அடுத்தடுத்துக் கூரைத் தோட்டங்கள் முளைத்தன. விக்டோரியா தியேட்டரின் கூரையை நடத்திய ஹாமர்ஸ்டீன் குடும்பத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு: லிஃப்டை வேண்டுமென்றே சூடாக்கி வைப்பார்களாம், அதில் வெந்து வெளியே வருகிறவனுக்கு மேலே அடிக்கிற சாதாரணக் காற்றும் ஊட்டி மாதிரி இருக்குமாம். 1906 ஜூன் 25 இரவு, மேடிசன் ஸ்கொயர் கார்டனின் கூரை அரங்கில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தக் கட்டடத்தை வடிவமைத்த ஸ்டான்ஃபோர்ட் வைட்டை ஹாரி தா என்ற பணக்காரர் சுட்டுக்கொன்றார். தன் மனைவி ஈவ்லின் நெஸ்பிட்டைக் கல்யாணத்துக்கு முன்பு வைட் சீரழித்தார் என்கிற ஆத்திரம். கோடை இரவில் ஊர்ப் பெரிய மனிதர்கள் எங்கே கூடினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம் 1920 ஜனவரியில் மதுவிலக்கு வந்தது, 1933 டிசம்பர் வரை இருந்தது. நடுவில் 1925இல் டைம்ஸ் ஸ்கொயர் ரிவோலி தியேட்டரில், நவீன ஏசியைக் கண்டுபிடித்த வில்லிஸ் கேரியர் ஏசி மாட்டிக் கொடுத்தார். உள்ளேயே குளுகுளு என்றால் மாடிக்கு எவன் போவான்? இன்றைக்கு நிலைமை தலைகீழ். ஜூலையிலும் ஆபீஸில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உங்களைப் போன்றவர்களுக்கு வெளிக்காற்றுதான் ஆடம்பரம், அந்த ஊரில் சொந்தமாக மொட்டை மாடி யாருக்கு இருக்கிறது? உங்கள் 22 டாலரில் பெரும்பகுதி அந்த இடத்துக்கான வாடகை. குளிர் வந்தால் திறந்த மாடியில் கூட்டம் இருக்காது என்பதால், வருஷ வாடகையை நாலைந்து மாதத்தில் எடுக்கப் பார்க்கிறார்கள். அதையும் சரியாகக் கணக்குப் போடுங்கள், 22 என்பது விலைப்பட்டியலில்தான், 8.875 சதவீத வரி, 20 சதவீத டிப்ஸ் எல்லாம் சேர்த்தால் 28ஐத் தாண்டும்.

ஐஸ் விஷயத்தில் மட்டும் பார்காரர் மேல் தப்பில்லை. மதுவை அளவு கப்பில் அளந்துதான் ஊற்றுகிறார், ஐஸைக் குறைக்கச் சொன்னால் சரக்கு கூடப்போவதில்லை. கிளாஸ் நிறைய ஐஸ் இருந்தால் ஒன்றையொன்று குளிரவைத்துக்கொண்டு மெதுவாக உருகும், நாலே கட்டி போட்டால் அந்த வெயிலில் பத்து நிமிஷத்தில் கரைந்து மொத்தமும் சப்பென்று ஆகிவிடும். கொஞ்சம் கரைய வேண்டியதும் அவசியம்தான். குலுக்கித் தருகிற காக்டெய்லில் கால் பங்கு தண்ணீர் கலப்பது மோசடி இல்லை, அதுதான் செய்முறை.

இப்போது உங்கள் ஜூஸ் நண்பருக்கு வருகிறேன். அவருக்கு ஊர்க் கணக்கில் சொன்னால்தான் புரியும். ஒரு மார்கரிட்டாவில் சாதாரணமாக 60 மில்லி டெக்கீலா, மேலே 30 மில்லி ஆரஞ்சு லிக்கர். அதாவது ஒன்றரை லார்ஜ். மூன்று குடித்தால் 270 மில்லி, ஒரு குவார்ட்டரும் மேலே அரை குவார்ட்டரும்! டாஸ்மாக் வாசலில் நின்று அதை அடித்தால் அவரே தன்னைக் குடிகாரன் என்று சொல்லிக்கொள்வார், கிளாஸ் விளிம்பில் உப்பும் எலுமிச்சைத் துண்டும் வைத்துக் கொடுத்தால் ஜூஸ். லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ இன்னும் மோசம், அதில் டீத்தூள் மருந்துக்கும் கிடையாது. வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு லிக்கர் என்று ஐந்து சரக்கு, நிறத்துக்குக் கோலா. நன்றாகக் குளிரவைத்தால் மதுவின் எரிச்சல் நாக்குக்குத் தெரியாது, இனிப்பும் புளிப்பும் மீதியை மறைத்துவிடும். வெயிலில் ஏற்கெனவே வியர்த்து வற்றிப்போன உடம்பிலிருந்து மது இன்னும் கொஞ்சம் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றுவதும் மறுநாள் தலை பிளப்பதற்கு ஒரு காரணம்.

போவதென்றால் இப்படிப் போங்கள். அபெரோல் ஸ்பிரிட்ஸ் மாதிரி ஒன்றைக் கேளுங்கள்: மூன்று பங்கு புரொசெக்கோ ஒயின், இரண்டு பங்கு 11 சதவீத அபெரோல், ஒரு பங்கு சோடா. லேசான கசப்பு, மார்கரிட்டாவில் ஏறுவதில் பாதிதான் ஏறும், ஒரு மணி நேரம் இழுக்கலாம். கூடவே குழாய்த் தண்ணீர் கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள். ஒன்றோடு எழுந்துவிடுங்கள். இரண்டாவது கிளாஸில் காற்றும் அதே காற்று, வானமும் அதே வானம், பில் மட்டும் இரட்டிப்பு.

இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மன்ஹாட்டன் மாடியில் நின்றுகொண்டு மேற்கே நீங்கள் காசு கொடுத்துப் பார்க்கிற அஸ்தமனம் உங்கள் நியூ ஜெர்சிக்குப் பின்னால்தான் நடக்கிறது! மன்ஹாட்டனைப் பார்க்க வேண்டுமென்றால் மன்ஹாட்டனை விட்டு வெளியே நிற்க வேண்டும். புரூக்ளின் வில்லியம்ஸ்பர்கில் வில்லியம் வேல் ஓட்டலின் 22ஆம் மாடியில் இருக்கும் வெஸ்ட்லைட்டில், சூரியன் அந்தக் கட்டட வரிசைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்க்கலாம். ஜூனில் எட்டரை மணிக்குத்தான் இருட்டத் தொடங்கும், ஆறு மணிக்கே போய் அவசரமாகக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

கார் விஷயம் மட்டும் எனக்குச் சிரிப்பாக இல்லை. நியூயார்க்கில் ரத்தத்தில் 0.08 சதவீதம் என்றால் கிரிமினல் வழக்கு, 0.05ஐத் தாண்டினாலே அபராதமும் லைசென்ஸ் முடக்கமும். உங்கள் நண்பர் எச்-1பி விசாவில் இருக்கிறார் என்றால் இதையும் சொல்லுங்கள்: குடித்து வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, வழக்கு முடிவதற்கு முன்பே, பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவை அமெரிக்க வெளியுறவுத் துறை ரத்து செய்யலாம், 2015இலிருந்து செய்துகொண்டும் இருக்கிறது. உடனே நாட்டைவிட்டுத் துரத்த மாட்டார்கள். ஆனால் அடுத்த தடவை அம்மா அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்தால், டாக்டர் பரிசோதனை உள்பட எல்லாவற்றையும் முடித்துப் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும். அவர் கேட்கவில்லை என்றால் நீங்களாவது அந்தக் காரில் ஏறாதீர்கள். ஜெர்சி சிட்டிக்கு பாத் ரயில் விடிய விடிய ஓடுகிறது.