ஈட்டிமரத் துளைகளில் வெண்புள்ளிகள்

வணக்கம். உங்கள் கிட்டாரின் ஈட்டிமரப் பின்பலகையில் நுரைக்கல் தூளால் துளைகளை அடைத்துச் செல்லாக் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெருகு) பூசிய பிறகு வெண்புள்ளிகள் தெரிவதாக எழுதியிருந்தீர்கள். நுரைக்கல் என்பது எரிமலைக் கண்ணாடி. செல்லாக்கில் முழுதாக ஊறினால் நிறமற்றுப் போகும். வெள்ளையாகவே நிற்கிறதென்றால் தூள் மிகுந்து செல்லாக் போதவில்லை என்று பொருள். மேலும் மேலும் பூசுவதால் அது மறையாது. மெருகு பூசும் துணிப்பொதியில், அதைப் புறங்கையில் ஒற்றினால் குளிர்ச்சி மட்டும் தெரியும் அளவுக்கு ஸ்பிரிட் விட்டு, புதிய தூள் சேர்க்காமல், சிறு வட்டங்களாக அழுத்தித் தேயுங்கள். பழைய தூள் மரத்துகளோடு குழைந்து, கரும்பழுப்பேறித் துளைக்குள் இறங்கும். விளிம்புப் பட்டை மேப்பிள் என்ற வெளிர்நிற மரம் என்றால் முதலில் அதற்குச் செல்லாக் பூசிக் காத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஈட்டியின் சாயம் ஸ்பிரிட்டில் கரைந்து அதில் ஏறிவிடும். ஸ்ப்ரூஸ் மர முகப்பலகைக்கு அடைப்பே தேவையில்லை. புள்ளிகளாக இல்லாமல் பரப்பு முழுதும் வெளிறினால் அது ஈரக்காற்றின் வேலை. பெங்களூரின் மழைநாள் மாலைகளில் பொதியைத் தொடாதிருப்பதே நல்லது.