108-க்குப் போன் செய்தால் முதலில் என்ன சொல்ல வேண்டும்? எந்த அவசரத்துக்கு எந்த எண்?

தமிழ்நாட்டில் எந்த அவசரத்துக்கு எந்த எண், அழைத்தால் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எண்கள் அநேகமாக எல்லாருக்கும் தெரியும். கோட்டை விடுவது பேசும்போதுதான்.

108-ஐ எடுப்பவர் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. மாநிலம் முழுவதற்குமான கட்டுப்பாட்டு அறை சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மருத்துவப் பணிகள் இயக்குநரக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவரிடம் "நம்ம மாரியம்மன் கோயில் பக்கத்துல, சீக்கிரம் வாங்க" என்றால் அவர் என்ன செய்வார்? மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் எது? அதனால் மேலிருந்து கீழாகச் சொல்லுங்கள்: மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, கடைசியாக அடையாளம். புதூர், பாளையம், நல்லூர் மாதிரிப் பெயருள்ள ஊராக இருந்தால், எந்த ஊரிலிருந்து எந்த ஊர் போகும் சாலையில் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அடையாளம் என்பது ராத்திரியிலும் டிரைவர் கண்ணில் படக்கூடியதாக இருக்க வேண்டும்: தண்ணீர் டேங்க், அரசுப் பள்ளி, பெட்ரோல் பங்க். "மளிகைக்கடை முருகேசன் வீடு" என்பது தெருக்காரர்களுக்குத்தான் அடையாளம்.

தேசிய நெடுஞ்சாலையில் விபத்து என்றால் மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். கூடவே எந்தப் பக்கம் என்பதும் வேண்டும். "திருச்சியிலிருந்து சென்னை போற பக்கம்" என்ற 4 வார்த்தையை விட்டுவிட்டால் ஆம்புலன்ஸ் எதிர்ப்புறம் வந்து நிற்கும். நடுவில் தடுப்புச்சுவர், அடுத்த திருப்பம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். நெடுஞ்சாலைக்கென்றே 1033 என்ற எண்ணும் உண்டு.

இடம் புரிந்த பிறகுதான் ஆளைப் பற்றி. வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா, ரத்தம் போகிறதா. கர்ப்பிணி என்றால் எத்தனையாவது மாதம். விபத்தில் எத்தனை பேருக்கு அடி என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். "வேன் கவுந்துடுச்சு" என்று மட்டும் சொன்னால் ஒரு வண்டிதான் கிளம்பும். வண்டிக்குள் யாராவது சிக்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், தகட்டை வெட்டி எடுக்கத் தீயணைப்புத் துறை வர வேண்டும். பாம்புக்கடி என்றால் "மயக்கம்" என்று பொதுவாகச் சொல்லாமல் பாம்புக்கடி என்றே சொல்லுங்கள், விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கயிற்றை இறுக்கிக் கட்டுவது, கீறுவது இரண்டும் வேண்டாம்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் பெரும்பாலும் கெடுக்கிறது. கிளம்பிய வண்டியிலிருந்து பைலட்டோ (ஆம்புலன்ஸ் டிரைவர்) மருத்துவ உதவியாளரோ வழி கேட்டு நீங்கள் பேசிய அதே எண்ணுக்கு அழைப்பார்கள். அந்த நேரம் நீங்கள் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருந்தால் லைன் பிஸி. தெரியாத எண் என்று கட் செய்பவர்களும் உண்டு. சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேறு ஆள், வேறு போன். ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள், ராத்திரியானால் டார்ச்சோடு. நினைவும் மூச்சும் இல்லாதவர் என்றால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 செ.மீ. ஆழம்.

விபத்தில் உதவப் போனால் கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படத் தேவையில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவின்படி, அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரைப் பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

இனி மற்ற எண்கள். போலீஸ் 100, தீயணைப்பு 101, எல்லாவற்றுக்கும் சேர்த்து 112. பதற்றத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால் 112 போதும். பல ஸ்மார்ட்போன்களில் பவர் பட்டனை 3 தடவை வேகமாக அழுத்தினாலும், பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தாலும் அங்கேதான் போகும். பாக்கெட்டில் தானாக அழுந்திவிட்டால் பயந்து கட் செய்யாதீர்கள். "தெரியாமல் வந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் திரும்ப அழைத்து நேரத்தை வீணாக்க வேண்டியிருக்காது. 101-இல் என்ன எரிகிறது, எத்தனையாவது மாடி, உள்ளே சிலிண்டர் இருக்கிறதா என்று சொல்லுங்கள். சந்து குறுகல் என்றால் அதையும் சொல்லிவிட்டு, வாசலில் நிற்கும் பைக்குகளை நகர்த்த ஆரம்பியுங்கள்.

கேஸ் வாடை வந்தால் 1906. ஆனால் சமையலறையில் நின்று பேசாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து அழையுங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. ஆன்லைனில் பணம் போனால் 1930. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. வெள்ளம், புயலுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. வேறு மாவட்டத்திலிருந்து அழைத்தால் முன்னால் அந்த ஊர் எஸ்.டி.டி. கோடு வேண்டும். காய்ச்சலுக்கு என்ன மாத்திரை போன்ற சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது, 108-ஐ விட்டுவிடுங்கள்.

பெங்களூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு ஊரில் உள்ள அப்பா அம்மாவுக்காக 108 அடிப்பவர்கள் கவனிக்க: பெங்களூரில் அடித்தால் கர்நாடகத்து 108-தான் எடுக்கும், துபாயிலிருந்து போகவே போகாது. ஓசூர் மாதிரி எல்லையோர ஊர்களில் பக்கத்து மாநில டவர் பிடித்தாலும் இதே கதை, எடுத்தவுடன் "தமிழ்நாடா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா அம்மா வீட்டுக்கு இரண்டு பக்கத்து வீட்டு எண்கள், அந்த ஊர் காவல் நிலையத்தின் லேண்ட்லைன் எண் எஸ்.டி.டி. கோடோடு, இந்த மூன்றையும் இன்றே போனில் சேமித்து வையுங்கள்.